டெபாசிட்டில் கழியாத வாடகை

— வாடக குடுக்கப் போற ஆளுக்கு தேச்ச சட்ட எதுக்கு?

— ஏட்டி பேராச்சி, பட்டறைச் சட்டைல தோல் வாசம் அடிக்குன்னு நீதான எப்பவும் ஏசுவ.

— நான் ஏசும்போது மாத்த மாட்டிய. பானுமதி வீட்டு ஏணில ஏறும்போதுதான் அந்த வாசம் ஒங்களுக்கே தெரியுது.

— ஓனரம்மான்னு சொல்லு. மேல காதுல விழுந்தா இன்னைக்கே சட்டி பானையத் தூக்கி வெளிய வச்சிருவாவ.

— வைக்கட்டும். காலி பண்ணச் சொல்லி ரெண்டு மாசமாச்சு. இந்தத் தாராவில அதுக்கப்புறம் எவனாவது கையில வாடக குடுப்பானா? டெபாசிட்ல கழிச்சுக்கோன்னு சொல்லிட்டு கம்முனு இருப்பான். நீங்க ஒராளுதான் ஒண்ணாந்தேதி பொறந்தா கூப்பிடாமலே ஏறிப் போறிய.

— அரே, ஒனக்கு விவரம் பத்தாது. மாசம் தவறாம கையில குடுத்தாத்தான் அந்தம்மாவுக்கு மனசு எளகும். சரி, இருந்துட்டுப் போங்கன்னு ஒரு வார்த்த வந்துட்டா போதும்.

— எளகிட்டுன்னுதான் நெனைக்கேன். போன மாசம் ரூவாய எண்ணிக் குடுக்க முக்கா மணி நேரம். எறங்கி வந்தா வாயில ஏலக்கா மணக்கு.

— டீ குடுத்தாவ, குடிச்சேன். வேண்டாம்னு மூஞ்சில அடிச்ச மாதிரியா சொல்ல முடியும்?

— என் டீய என்னைக்காவது முழுசாக் குடிச்சிருக்கியளா? பாதி டம்ளர் ஆறிப்போய்க் கெடக்கும். நான்தான் கொண்டுபோயி ஊத்துவேன்.

— டென்ஷன் ஆகாதட்டி. சயான்லேருந்து முலுண்ட் வரைக்கும் தேடிட்டேன். இந்த வாடகைக்கு எவனும் ரூம் தர மாட்டான். பட்டறை இங்க, புள்ளைக்குப் பள்ளிக்கூடம் இங்க. இத விட்டா நடுத்தெருதான். நீயும் ஒருதடவ மேல வந்து கெஞ்சிப் பாரு.

— நான் போயிட்டு வந்துட்டேன்.

— கெஞ்சவா?

— ஆமா, கெஞ்சத்தான். தீவாளிக்கு முந்தி, நீங்க பட்டறைக்குப் போன பெறவு போனேன். எங்களக் காலி பண்ணச் சொல்லுங்கம்மான்னு அவ கால்ல விழுந்தேன்.

— அப்புறம்?

— நான் கேட்டேன்னு ஒங்களுக்குத் தெரிய வேண்டாம்னும் சொன்னேன். எனக்கு வயிறு எரியுது, எத்தன நாள்தான் அடக்கி வைக்க? கீழ சோத்தப் போட்டு வச்சுக்கிட்டு, மேல ஒங்க சிரிப்புச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு என்னால இருக்க முடியல. தாணேக்கு அங்கிட்டு ஒழுகுத கூரையா இருந்தாலும் சரி, எம் புருசன் என் கூட இருந்தாப் போதும்னு நெனச்சேன். புத்தி கெட்டுத்தான் செஞ்சேன். இப்ப ஏசணும்னா ஏசுங்க.

— இதுல ஏச என்ன இருக்கு, எனக்குத் தெரியும். நீ போயிட்டு வந்த அன்னைக்கே பானு எங்கிட்ட சொல்லிட்டா.