முப்பது சென்ட் சாஸ்

கறி அடைத்துச் சுட்ட மீட் பைக்கு ஊற்றிக்கொள்ளும் தக்காளி சாஸுக்குக் காசு வாங்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. வாங்கினேன், அது வேறு விஷயம். பங்குச் சந்தை விசாரணைக்காகச் சிட்னியிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரோட்டி வந்திருக்கிறீர்கள், மிஸ்டர் பெட்டிக்ரூ, முதலில் உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், பூனை முடி ஒட்டும்.

ஹார்க்நெஸ் ஸ்ட்ரக்சரல் கம்பெனிக்குள்ளிருந்து எனக்குத் துப்புக் கொடுத்தது யார் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். பங்கு அறுபத்தொரு சென்ட்டுக்கு விழுந்த வாரத்தில் கார்மென் ஃபருஜா என்று ஒருத்தி மூட்டை மூட்டையாக வாங்கியிருக்கிறாள், அவள் அந்தக் கம்பெனி வளாகத்திலேயே கான்டீன் நடத்துகிறவள் என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். கெட்டிக்காரர்தான். ஃபருஜா என் பிறந்த வீட்டுப் பெயர். போர்ட் கெம்ப்ளாவில் இத்தனை மால்டாக்காரர்கள் இருக்கும்போது ஒரு ஃபருஜாவை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். ஆனால் துப்பு என்று எதுவும் இல்லை. நான் மீட் பைகளை எண்ணினேன், அவ்வளவுதான்.

ஹார்க்நெஸ் செய்வது கட்டடத்துக்கும் பாலத்துக்கும் வேண்டிய இரும்பு உத்தரமும் தூணும். நாட்டில் கட்டுமானம் நடந்தால் அங்கே பொறி பறக்கும். நடக்காவிட்டால் காலையில் பெருக்கிய தரையையே மத்தியானமும் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். ஆறேழு வருஷத்துக்கு ஒரு முறை ஏறும், ஒரு முறை இறங்கும். இது எப்போது நடக்கும் என்று உங்கள் ஊரில் பெரிய படிப்பு படித்தவர்கள் வரைபடம் போட்டுப் பார்க்கிறார்கள். எனக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. ஓவர்டைம் இருந்தால் ஒரு வெல்டர் இரண்டு மீட் பையும் ஒரு கஸ்டர்ட் கேக்கும் சாப்பிடுவான். ஓவர்டைம் நின்றால் ஒரு பைதான். அதுவும் போய், வீட்டிலிருந்து சாண்ட்விச் கட்டிக்கொண்டு வந்து என் சாஸை மட்டும் ஊற்றிக்கொள்கிறான் என்றால், மூன்று மாதத்தில் கம்பெனி நஷ்டம் அறிவிக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட இது தப்பியதில்லை.

எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் கம்பெனிப் பங்கு உண்டு, சம்பளத்தில் பிடித்துச் சலுகை விலையில் கொடுப்பார்கள். ஓவர்டைம் கொட்டும் காலத்தில் போதாதென்று வெளியிலும் வாங்குவார்கள். ஸ்லாவ்கோ என்று ஒரு வெல்டர். முகமூடி போட்டிருக்கும்போது மட்டும் அவன் பேச்சு நமக்குக் கேட்காது, நிறுத்தியிருக்க மாட்டான். முந்தின ஏற்றம் ஒன்றின்போது என் கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டு பிரசங்கம் செய்தான்.

"லாபத்துல வெறும் அஞ்சு மடங்குதான்டா விலை. வேற எவன்டா அஞ்சு மடங்குக்குக் குடுப்பான்? சும்மா தூக்கிக் குடுக்கறானுங்க மாப்ள, அள்ளுங்க."

அள்ளினார்கள். எஃகில் கணக்கு தலைகீழ் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. லாபம் உச்சியில் நிற்கும்போதுதான் பங்கு மலிவாகத் தெரியும், அன்றைக்குத்தான் அது உண்மையில் விலை கூடியது. லாபமே இல்லாமல் கம்பெனி மூக்கால் அழும் நாளில்தான் வாங்க வேண்டும். அந்த நாளில் எங்கள் ஆட்களிடம் வாங்கப் பணம் இருக்காது, ஏனென்றால் அழுகிற கம்பெனிதான் அவர்களுக்குச் சம்பளமும் கொடுக்கிறது. கையில் காசு இருக்கும்போது உச்சியில் வாங்கி, காசில்லாதபோது பள்ளத்தில் விற்பார்கள். உலகத்தில் இரும்பு செய்கிற ஊரில் பிறந்தவர்கள் மட்டும் செய்கிற தப்பு இது. பள்ளத்தில் யாராவது வாங்கித்தானே ஆக வேண்டும்? அந்த யாரோ நானாக இருந்தேன்.

டெஸ் என் கணவர். ஹார்க்நெஸ்ஸில் கூரைக்கு அடியில் ஓடும் கிரேனை ஓட்டினார், ஐம்பத்திரண்டு படி ஏணி ஏறிப் போக வேண்டிய கேபின். அந்தக் கேபின் கண்ணாடியில் ஒரு படகின் படத்தை ஒட்டி வைத்திருந்தார். இருபத்தாறு அடி, படுத்துத் தூங்க அறை உள்ளது. அவரிடம் பதினெட்டாயிரம் பங்கு இருந்தது. விலை ஐந்து டாலரைத் தொட்டதும் விற்றுவிட்டு, வேலையையும் விட்டுவிட்டு, அந்தப் படகை வாங்கிக் கரையோரமாகவே வடக்கே போய்க்கொண்டிருப்பது என்று பத்து வருஷமாகத் திட்டம். தண்ணீர் வெதுவெதுப்பாகிற இடம் வரைக்கும் என்பார். எனக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. சிட்னி துறைமுக ஃபெர்ரியிலேயே வாந்தி எடுப்பேன். இதை அவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுபடுத்தினேன்.

"நீ வேணும்னா வா, கார்மென். வரலேன்னாலும் பரவால்ல. நான் அப்பப்போ போன் பண்றேன்" என்றார், ஆட்டுக்கறித் துண்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. முப்பத்தொன்பது வருஷம் கூட இருந்தவர் மனதில் இருப்பதைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகட்டும், பார்ப்பீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வாங்கிய அந்த வருஷம் விலை இறங்கத் தொடங்கி, ஒரு டாலர் நாற்பது சென்ட்டில் வந்து நின்றுவிட்டது. என் அனுபவத்தில் அது பள்ளம் இல்லை. எங்கள் ஆட்கள் இன்னும் விற்கவில்லையே. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புதுப் பாலம் ஒன்று வரப்போகிறதாம், தாக்குப்பிடிக்கலாமாம். பாலம் வரும் என்று எனக்கும் தோன்றியது, அதனால்தான் எனக்கு அவசரம். அவர்கள் பங்கைக் கைவிடுவதற்கு ஒரு சின்ன உந்துதல் வேண்டியிருந்தது.

ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை, மேசைகளில் இருந்த சாஸ் பாட்டில்களை எல்லாம் எடுத்து உள்ளே வைத்தேன். கவுன்ட்டரில் சின்ன சாஸ் பொட்டலங்களை அடுக்கி, முப்பது சென்ட் என்று அட்டையில் எழுதி வைத்தேன். கான்டீன் என் சொந்தக் குத்தகை. ஆனால் அதையும் கம்பெனிதான் நடத்துகிறது என்று அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

முதலில் வந்தவன் ஸ்லாவ்கோ. அட்டையைப் படித்தான். மறுபடி படித்தான்.

"என்ன கண்ணு இது, சாஸுக்கா காசு?"

"நான் என்னப்பா பண்றது?" என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவன் வரிசையில் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். "டேய், முடிஞ்சுதுடா. சாஸ்லயே கை வச்சுட்டானுங்க. சம்பளத்துக்கே சிங்கி அடிக்கறானுங்கன்னு அர்த்தம்."

இந்த நாட்டில் நீங்கள் ஆட்குறைப்பு என்று அறிவிக்கலாம், கோபப்படுவார்கள், கொடி பிடிப்பார்கள். சாஸுக்குக் காசு கேட்டால் பயந்துவிடுவார்கள். அன்று மத்தியானமே நாலு பேர் போனை எடுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போனார்கள். புதன்கிழமை உள்ளூர் வானொலியில் ஒருவர் ஹார்க்நெஸ் சாஸைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். வியாழக்கிழமை உங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள், கம்பெனி ஆட்களே விற்கிறார்களே, அவர்களுக்கு உள்ளே ஏதோ தெரிந்திருக்கிறது என்று தங்களுடையதையும் தள்ளினார்கள். நீங்கள் தேடி வந்திருக்கிற ரகசியத் தகவல் இதுதான். அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் போங்கள்.

வெள்ளிக்கிழமை காலை, டெஸ் டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தடவி முடித்தும் தடவிக்கொண்டே இருந்தார்.

"கார்மென், நீ எல்லாத்தையும் கேக்குற எடத்துல இருக்கே. நெஜமாவே அவ்ளோ மோசமா? நான் வித்துடட்டுமா?"

இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வந்திருக்க வேண்டும், ஆனால் கேட்கத் தெரியவில்லை. பரவாயில்லை, நானே சொல்கிறேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறு என்று ஒரு சொல் சொன்னால் போதும், பொறுத்திருப்பார். நான் சொல்வதை அவர் தட்டியதே இல்லை.

"உன் பங்கு, உன் இஷ்டம் டெஸ். நான் பை விக்கிறவ, எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

பத்தேகாலுக்குப் பதினெட்டாயிரத்தையும் அறுபத்தொரு சென்ட்டுக்கு விற்றார். பத்தேகாலுக்கு நான் கான்டீன் சரக்கறையில், மாவு மூட்டை மேல் உட்கார்ந்து, போனில் வாங்கினேன். எவ்வளவு வாங்கினேன் என்று உங்கள் காகிதத்திலேயே இருக்கிறது, பதினெட்டாயிரத்துக்கு ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மற்றவர்களுடையதை வாங்கியது அதற்கு முந்தின நாள். ஆக, என் கணவர் விற்றதை வாங்கியது நான்தான். அன்று சாயங்காலம் அவர் படகுப் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பிடித்த ஆட்டுக்கறி ரோஸ்ட் செய்து வைத்திருந்தேன். எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

பாலம் வந்தது. அதற்குப் பின்னால் மருத்துவமனை, அதற்குப் பின்னால் காற்றாலைக் கோபுரங்கள். மூன்று வருஷத்தில் விலை ஐந்து டாலர் நாற்பது. நான் விற்க நினைத்த வாரத்தில் சாஸ் பாட்டில்களைத் திரும்ப மேசையில் வைத்தேன், கூடக் கடுகு சாஸும் வைத்தேன். ஸ்லாவ்கோ பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, "பாத்தியா மாப்ள, காலம் திரும்பிடுச்சு. இப்பவும் அஞ்சு மடங்குதான்" என்றான். வீட்டை அடமானம் வைத்து வாங்கினான். அவனுக்கு விற்றவர்களில் நானும் ஒருத்தி என்று நினைக்கிறேன். அந்த மாதம் அவன் சாப்பிட்ட கஸ்டர்ட் கேக்குக்கு நான் காசு வாங்கவில்லை, மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே.

டெஸ் அந்த மூன்று வருஷமும் ஏணி ஏறினார். சேமிப்பு போனதால் ஓய்வுபெற முடியவில்லை. அறுபத்தாறாவது வயதில் ஒரு நாள் இறங்கும்போது முதுகில் ஏதோ சொடுக்கியது. இடுப்புக்குக் கீழே இடது கால் இப்போது அவர் பேச்சைக் கேட்பதில்லை. உடம்பு குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காரில் போனால்கூட மெதுவாகத்தான் ஓட்டுவேன். பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். நாங்கள் இவ்வளவு பேசிக்கொண்டது கல்யாணமான புதிதில்கூடக் கிடையாது.

அவருக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியாது. மெதுவாகப் பேசுங்கள், பக்கத்து அறையில் தூங்குகிறார். மறைக்க வேண்டும் என்பதல்ல, ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான். அந்தப் பணத்தில் ஒரு சென்ட்கூட நான் தொடவில்லை. படகுக்கென்று தனியாக வைத்திருக்கிறேன். படகும் எஃகு மாதிரிதான், மிஸ்டர் பெட்டிக்ரூ. எல்லோரும் ஆசைப்படும்போது வாங்கக் கூடாது. ஆட்களுக்கு வேலை போகும்போது முதலில் படகைத்தான் விற்பார்கள். வாரா வாரம் விளம்பரம் பார்க்கிறேன். அவர் கேட்ட அதே இருபத்தாறு அடி, போன மாதம் மட்டும் ஒன்பதாயிரம் இறங்கியிருக்கிறது. அவசரப்பட்டால் நஷ்டம். அவரும் இப்போதெல்லாம் எங்கேயும் போக வேண்டும் என்று சொல்வதில்லை.

நான் செய்ததெல்லாம் அவருக்காகத்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். விலை இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், வாங்கிக் கொடுத்துவிடுவேன்.