இடுப்புக்கு மேல் நல்ல குடும்பம்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்களைப் போன்ற குடும்பங்கள் இடுப்புக்கு மேலேதான் நல்ல குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவிலிருந்து சித்தப்பா வீடியோ கோல் எடுப்பார். அப்பா சாரத்துக்கு மேலே சேட் போட்டுக்கொள்வார். அம்மா நைட்டியின் மேல் சேலையைப் போர்த்திக்கொள்வார்.

நடுவர்களே, என் குறும்படத்தில் நடிப்பு எப்படி இவ்வளவு இயல்பாக வந்தது என்று கேட்டிருந்தீர்கள். அதற்கான பதில் இது.

நான் மொழிபெயர்ப்பு நாவல்களில் வளர்ந்தவன். பனியைக் கண்டதில்லை, ஆனால் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூடப் பனிக்காலத் துயரத்தோடுதான் நிற்பேன். புல்வெளி வைத்த புறநகர் வீடுகளுக்குள் குடும்பங்கள் சிரித்தபடியே அழுகிப்போகும் கறுப்பு நகைச்சுவைப் படங்களைப் பார்த்து, எனக்கும் ஒன்று எடுக்க ஆசை வந்தது. எங்களிடம் புல்வெளி இல்லை. பால்கனியில் ஒரு கறிவேப்பிலைச் சாடி இருந்தது. குடும்பமும் இருந்தது.

புத்தகங்களுக்கு நடுவே பழைய போன் ஒன்றை மறைத்து வைத்துப் பதிவு செய்தேன். நல்ல காட்சிகள் எல்லாம் கோல் முடிந்த பிறகுதான் வந்தன. படத்துக்கு முடிவு மட்டும் கிடைக்கவில்லை.

அப்பாவின் சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. சித்தப்பா தன்னுடையதில் ஒன்றைத் தர இருந்தார். டிக்கெட் போட்டாயிற்று என்று சொல்லத்தான் அந்த ஞாயிறு எடுத்தார். அம்மா அழுதார், அது உண்மையான கண்ணீர். கோலைத் துண்டிப்பது எப்போதும் என் வேலை. போனை மேசையில் கவிழ்த்து மட்டும் வைத்தேன்.

"தம்பி, கட் பண்ணீட்டியே?"

"ஓம் அம்மா."

அப்பா சேட்டைக் கழற்றினார். "அவன்ர கிட்னி வந்தா எனக்கும் பின்னேரமானாச் சாராயப் போத்தல் கேக்கும்."

"ஊறினதெண்டாலும் சும்மாதானே வருது," என்றார் அம்மா. "ஒப்பரேஷன் முடிஞ்ச கையோட ஆளை ஹோட்டலுக்கு அனுப்பிப்போடோணும். இஞ்ச வச்சு ஆர் பாக்கிறது?"

"மற்றதையும் கேட்டுப் பாருங்கோ அப்பா," என்றாள் அக்கா உஷாந்தி. "சித்தப்பா ரோசக்காரர். இல்லையெண்டு சொல்லமாட்டார்."

மூவரும் சிரித்தார்கள். பல மாதப் பயம் விட்டுப்போன சிரிப்பு அது. இப்போது பார்க்கும்போது தெரிகிறது.

மேசையிலிருந்து குரல் வந்தது. "அண்ணை, நான் இன்னும் லைனிலதான் நிக்கிறன்."

படம் அங்கே முடிகிறது.

சித்தப்பா வரவில்லை. இரத்தம் சுத்திகரிக்க அப்பா களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார். அவருடைய உடம்பு இதை நெடுநாள் தாங்காதாம். கை தவறிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். "நீ எப்பவும் கனவிலதானே," என்று அம்மா மன்னித்துவிட்டார். கை தவறவில்லை. எனக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. மற்றபடி பேசியது அவர்கள். நான் கேட்க மட்டும் வைத்தேன்.

பிறகு நானும் போய்ப் பரிசோதித்துக்கொண்டேன். என் சிறுநீரகம் அப்பாவுக்குப் பொருந்துகிறது. பொருந்தவில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். படம் எடுப்பவன் காட்சிக்குள் நுழையக்கூடாது என்பதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன்.