மரியாதைக் குறைச்சல்

குமணன்சாவடியில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் நகர்ந்ததும் இளையவள் கேட்டாள்.

“யக்கா, ரூடுன்னா இன்னா?”

“மரியாத இல்லாம பேசறது. ஏன், யாரு சொன்னா?”

“ஒரு பக்கம் கை கால் வராத அம்மாவ பாத்துக்கறேன்ல, அதோட பொண்ணு. வெளிநாட்லேந்து வந்துகீது. ‘நீ ரொம்ப ரூடு, நாளைலேந்து வராத’ன்னுடுச்சு.”

“நீ இன்னா பேசின?”

“கஞ்சி ஊட்டிகினு இருந்தேன். ‘வாயத் தொற, இன்னும் ஒரு வாய் துன்னு, என் தங்கம்ல’ன்னேன். பின்னாடி நின்னு கேட்டுகினு இருந்துகீது.”

“எப்பவும் அப்டித்தான பேசுவ?”

“எங்கம்மாவயும் அப்டித்தான் பேசுவேன். வேற எப்டிப் பேசறது?”

“அந்தப் பொண்ணு எப்டிப் பேசும்?”

“‘சாப்டீங்களாம்மா, தூங்கினீங்களாம்மா’ன்னு பேசும். ஞாயித்துக்கெயமயானா, போன்ல.”

பூந்தமல்லியில் நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

“மன்னிப்பு கேட்டுப் பாக்கறதுதான?”

“கேட்டேனே. ‘கோச்சிக்காத கண்ணு’ன்னேன். அதுக்கு இன்னும் கத்துச்சு.”

மூத்தவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

“அந்தம்மா ஒண்ணும் சொல்லலியா?”

“அதுக்குப் பேச்சும் வராதுக்கா. வர்ற ஒரு கையால என் கைய புட்சிகினு உடவே இல்ல. பொண்ணுதான் ஒவ்வொரு வெரலா பிரிச்சு எட்துச்சு. ‘விடுங்கம்மா, விடுங்கம்மா’ன்னு.”