வலி இருந்தால் மட்டும் பத்துச் சொட்டு

அறுபத்தாறாம் வருஷத்திலிருந்து எழுபத்து மூன்று வரை, செவ்வாப்பேட்டையைச் சுற்றிப் பதினெட்டு கிராமத்தில் ஒரு மனிதருக்குக்கூட வலி கிடையாது. நான்தான் நிறுத்தினேன். ரயில் எங்கள் ஸ்டேஷனைத் தாண்டும்போது உள்ளே இருப்பவர்களின் பல்வலிகூட அடங்கிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. கிளப்பியவன் நான்தான். இருந்தாலும் பேச்சு பேச்சுதானே.

சிரிக்காதீர்கள் சார். விசாரணைக்கு வந்தவர் சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும். ரிடையராகி நாலு மாதமாக இதைக் கேட்க ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாப்பேட்டைத் தர்ம ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். டாக்டர் பாக்கியநாதன் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். தீராத வலிக்காரர்களுக்கு மிக்சரில் அபின் டிங்சர் சேர்க்கச் சொல்லிச் சீட்டு எழுதுவார். அபின் கட்டுப்பாட்டு மருந்து. அதற்கு இரட்டைப் பூட்டு அலமாரி. ஒரு சாவி டாக்டரிடம் இருக்க வேண்டும். அவர் மறதிக்காரர், அதனால் இரண்டும் என் இடுப்பில். அவருக்குப் பயந்த சுபாவமும் உண்டு. சீட்டில் எப்போதும் ஒரே வரிதான்: ‘வலி இருந்தால் மட்டும் பத்துச் சொட்டு.’

வலி இருக்கிறதா என்று யார் கேட்பது? மருந்து ஜன்னலில் உட்கார்ந்திருப்பவன்.

ஜனங்கள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவார்கள். வலிக்கிறதா என்று கேட்பேன். ஆமாம் என்றால் அபின் பழக்கம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பின்னே கட்டுப்பாடு எதற்கு இருக்கிறது? பாட்டிலைக் கவிழ்த்துத் திருப்பித் தந்துவிடுவேன். இரண்டு வாரம் வரிசைப் பக்கம் வரக்கூடாது. ‘இல்லை’ என்று சொன்னால், டாக்டர் சீட்டுப்படியே சொட்டு தேவையில்லை. நிலவேம்புத் தண்ணீரில் சிவப்புச் சாயம் கலந்து ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காட்ட, பல் பல்லாக வெட்டிய காகிதத்தைப் பாட்டிலில் ஒட்டித் தருவேன். அந்தக் காகிதத்தை என்னைப்போல் வெட்ட செங்கல்பட்டு ஜில்லாவிலேயே ஆள் கிடையாது.

மூன்றே மாதத்தில் வலி ஊரைவிட்டு ஓடிப்போனது. மேலதிகாரிகள் அலமாரியைத் திறந்து அசந்துபோவார்கள். ஏழு வருஷமும் அபின் பாட்டில் கழுத்துவரை அப்படியே நின்றது. ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். சரி, கைகுலுக்கினார்.

நர்ஸ் விக்டோரியா ஒருத்திதான் கடைசிவரை நம்பவில்லை. “உங்க புளுக நீங்களே குடிங்க” என்பாள்.

நீங்கள் வந்தது செல்லியம்மாள் விஷயமாக. செங்கல் சூளையில் வேலை பார்த்தவள், இடுப்பெலும்பில் புற்று. முதல் தடவை வலிக்கிறது என்றாள், பாட்டிலைக் கவிழ்த்தேன். இரண்டு வாரம் கழித்து புத்தியோடு வந்தாள்.

“வலிக்குதா?”

“இல்ல நைனா.”

“நெசமா?”

“நெசமா நைனா. அந்தப் பத்து சொட்டு மட்டும் ஊத்திக் குடு நைனா.”

“வலியே இல்லாதவளுக்கு இன்னாத்துக்கு சொட்டு?”

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

விக்டோரியா பின்னால் வந்து நின்றாள். “இன்னா கம்பவுண்டரே, ஜன்னல் கம்பியப் புடிச்சிகினு தொங்குது, கண்ணு சொருவுது. வலி இல்லன்னு நோட்டுல எழுதறீங்களே?”

“அதுவே சொல்லுது சிஸ்டர். மறுத்துப் பேச நான் இன்னா டாக்டரா?”

“ஒரே ஒரு தபா ஊத்துங்க. நான் கையெழுத்து போடறேன்.”

“பேஜாரு பண்ணாதீங்க. நீங்க வரிசையில இல்ல.”

பதினோரு செவ்வாய் இப்படியே. ஒவ்வொரு தடவையும் இல்லை என்றாள். அவ்வளவு ஒழுக்கமான நோயாளியை நான் பார்த்ததில்லை. பன்னிரண்டாவது செவ்வாய் அவள் இல்லை. புருஷன் திருமலை வந்து, என் காகிதம் ஒட்டிய பாட்டிலை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனான். பிறகுதான் இந்த மனுவைப் போட்டிருக்கிறான்.

நேற்று விக்டோரியாவை விசாரித்தீர்கள். அவள் சொன்னதைச் சற்று முன் நீங்களே படித்துக் காட்டினீர்கள். இன்னொரு தடவை படியுங்கள் சார். காதுக்கு இதமாக இருக்கிறது.

“அவரு சொல்றது நெசம்தாங்க. ஒரு தபா வலிக்குதுன்னு சொன்னவங்க மறுதபா சொன்னதேயில்ல. செல்லியம்மா முந்தானைய வாயில திணிச்சிகினுதான் வரிசையில நிக்கும். ஜன்னலாண்ட வந்ததும் எடுத்துட்டு, இல்லன்னு சொல்லிட்டு, மறுபடி திணிச்சிக்கும்.”

பார்த்தீர்களா? விக்டோரியாவே ஒப்புக்கொண்டுவிட்டாள்.