மலைக்குத் தோதான பவர் பேங்க்

பவர் பேங்க் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள், சார். மலையேறப் போகிறவர்கள் கொஞ்சம் விவரமானவர்கள். கையில் வாங்கி, கத்தரிக்காய் மாதிரி மேலும் கீழும் தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது என்று முடிவு. என் சகலையும் அப்படித்தான் பார்த்தார்.

நீங்கள் என்னை அழைத்து வந்தது அந்த டீச்சர் கொடுத்த போலிச் சரக்குப் புகாருக்காக. அதை மட்டும் சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொள்ளலாம். ஆனால் டீயெல்லாம் வாங்கிக் கொடுத்து மரியாதையாகக் கேட்கிறீர்கள். பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் மனைவியின் அக்காவைக் கட்டியவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலும் கிடையாது, கிரிக்கெட்டும் கிடையாது. வாரக் கடைசியில் நாலு பேரை மலைக்கு நடத்திக்கொண்டு போவார், அவ்வளவுதான். குடும்பமாகச் சாப்பிட உட்கார்ந்தால் அவர் செல்போனில் இருக்கும் மலைகள் ஒவ்வொன்றாகத் தட்டுகளைத் தாண்டி வரும். என் மனைவி வாயைப் பிளந்து பார்ப்பாள்.

“இவரும் இருக்காரே, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது” என்று என்னைக் காட்டுவாள்.

“விடும்மா, கவர் கடை நடத்துறதுக்கு எதுக்கு மூச்சு?” என்பார் கேப்டன்.

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நல்ல நகைச்சுவைதான். என் கடையில் செல்போன் கவரோடு சார்ஜர், இயர்போன், பவர் பேங்க் எல்லாம் இருக்கின்றன என்பதை மட்டும் அவர் கவனித்ததில்லை.

மலைத்தொடரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தனியாக நடக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு நாள் கடைக்கு வந்தார். வழியில் எங்கும் கரண்ட் கிடையாது.

“சகல, இருக்கறதுலயே பெருசா ஒண்ணு எடு. வெயில்ல வச்சா சார்ஜ் ஆகுமாமே, அது எப்படி?”

அது அலங்காரத்துக்குத்தான், மரநிழலில் நடக்கிறவருக்கு உதவாது என்றேன். பெட்டியில் போட்டிருக்கும் அளவு முழுதாக ஃபோனுக்குப் போய்ச் சேராது என்றேன். குளிரில் சீக்கிரம் இறங்கும், தூங்கும்போது போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அத்தனையும் உண்மை.

“பரவாயில்லையே, கவர் கடைக்கும் விஷயம் தெரியுது” என்றார். கடையில் வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

அதுவரை என் கையில் இருந்தது நல்ல பொருள்தான். புது ஸ்டாக் உள்ளே இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஸ்டோர் அறைக்குப் போனேன். யாரோ திருப்பிக் கொடுத்த ஒன்று அங்கே கிடந்தது. அதை ஏற்கெனவே பிரித்துப் பார்த்து மூடி வைத்திருந்தேன். உள்ளே சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பேட்டரி, மீதி இடத்தில் எடைக்காக மணல். சார்ஜ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாலு விளக்கும் எரிகிற மாதிரி செய்திருந்தார்கள். செய்தவனின் கைவேலையை மெச்சத்தான் வேண்டும்.

கேப்டன் தூக்கிப் பார்த்தார். “நல்ல கனம். இதுதான் வேணும்” என்றார்.

அவர் பையில் ஒரு காகித வரைபடமும் பழைய பவர் பேங்க் ஒன்றும் இருந்தன. “இது ஒண்ணே போதும் சகல, எதுக்கு வீண் சுமை?” என்று அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னவன் நான்தான். மலையில் சுமை ஆகாது என்பது அவரே சாப்பாட்டு மேசையில் பலமுறை சொன்னது.

அவர் மலையில் இருந்தபோது ஒரு மத்தியானம் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அப்போது கேப்டனிடமிருந்து அவருக்கு ஃபோன் வந்தது. கொஞ்சம் பேசிவிட்டு என் கையில் திணித்தார். “தம்பி, இந்த விஷயமெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே பேசுங்க.”

“சகல, ஒரே பனிமூட்டம், பாதையே தெரியல. மேப் ஃபோன்லதான் இருக்கு. நாலு லைட்டும் எரியுது, ஆனா சார்ஜ் ஏற மாட்டேங்குது. மீட்புக் குழுவைக் கூப்பிட்டுரவா?”

“அவசரப்படாதீங்க. ஃபோனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. ஏறலன்னா மறுபடி பண்ணுங்க. அதுக்கப்புறம் கூப்பிட்டுக்கலாம்.”

“சரிப்பா. ரொம்ப தேங்க்ஸ்ப்பா” என்றார். என்னிடம் அவர் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கேட்க நன்றாக இருந்தது. ஃபோனை அணைத்து அணைத்து எழுப்பினால் மிச்சமிருக்கும் சார்ஜையும் அது தின்றுவிடும் என்பது எந்தக் கவர் கடைக்காரனுக்கும் தெரியும்.

“என்ன சொன்னாரு?” என்று அவர் மனைவி கேட்டார்.

“சின்னப் பிரச்சனைதான், சரியாயிடுச்சு” என்றேன். அவர் நிம்மதியாகக் காபி குடித்தார்.

ஆட்கள் தேடிப்போய்க் கண்டுபிடித்தபோது குளிர் தன் வேலையை முடித்திருந்தது. பாதைக்குச் சற்றுக் கீழேதான் கிடந்தாராம். அவருடைய சாமான்களோடு வந்த பவர் பேங்கை அவர் மனைவி கடைக்குக் கொண்டுவந்து, “இதுல என்ன கோளாறுன்னு பாருங்க தம்பி” என்று அழுதார். ஈரம் புகுந்துவிட்டது என்றேன். உட்கார நாற்காலி போட்டேன். அவர் போனதும் அதைத் துடைத்து மறுபடி ஸ்டோர் அறையில் வைத்தேன்.

கேப்டனை எனக்கு ஆகாது, அதனால் செய்தேன் என்று எழுதிக்கொண்டால் உங்களுக்கு வேலை சுலபம். ஆனால் டீச்சர் அதில் அடங்க மாட்டார். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. தனியாக மலைக்குப் போகிறேன், பவர் பேங்க் வேண்டும் என்று வந்தார். வழக்கம்போல விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் சிரித்துக்கொண்டே, “நீங்க எங்கயாவது நடந்து போயிருக்கீங்களா அண்ணா?” என்றார்.

சாதாரணக் கேள்விதான், சார். புது ஸ்டாக் உள்ளே இருக்கும்மா என்று எழுந்து போனேன்.

கெட்டிக்காரி. கிளம்புவதற்கு முன்பே வீட்டில் சோதித்துப் பார்த்து, திருப்புளியால் பிரித்து, இதோ உங்கள் மேசையில் மணலைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

எல்லாம் நான் செய்ததுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்குக் கோபமே வராது, சார். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.