இரண்டாவது கன்ட்ரோலர்

உங்கள் அறையில் வைஃபை சரியாக எடுக்காது. மேலே பாருங்கள், அந்த வெள்ளைப் பெட்டியை இரும்பு அலமாரிக்கு நேர் பின்னால் மாட்டி வைத்திருக்கிறார்கள். மாட்டியவன் ஏணியை நகர்த்தச் சோம்பல்பட்டிருப்பான். நீங்களும் இத்தனை வருஷமாக ஜன்னலோரம் போய் நின்று போன் பேசியிருப்பீர்கள், ஏன் என்று ஒருநாளும் யோசித்திருக்க மாட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் அப்படித்தான்.

வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள் அம்மா, நிதானமாகவே சொல்கிறேன். புரியாவிட்டால் நிறுத்துங்கள். புரிந்த மாதிரி மண்டையை மட்டும் ஆட்டாதீர்கள். எங்கள் ஆஸ்பத்திரி டைரக்டர் அதைத்தான் செய்வார்.

எங்களிடம் அந்த மாதிரிப் பெட்டிகள் இருநூற்றுப் பதினான்கு இருக்கின்றன. அவற்றுக்குச் சொந்த மூளை கிடையாது. கீழ்த்தளத்தில் இருக்கும் கன்ட்ரோலர் சொல்கிறபடி நடக்கும். அது படுத்துவிட்டால் நான்காம் மாடியில் இருக்கும் இரண்டாவது கன்ட்ரோலரிடம் தாமாகவே போய்ச் சேர்ந்துகொள்ளும். அரை நிமிஷம்கூட ஆகாது, வார்டில் யாருக்கும் தெரியவும் தெரியாது. பதினாறு வருஷம் அப்படி யாருக்கும் தெரியாமல் நடந்தது. நடத்தியவன் நான் என்பதும் யாருக்கும் தெரியவில்லை.

இதில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு கன்ட்ரோலரிலும் ஒரே வெர்ஷன் மென்பொருள் இருக்க வேண்டும். இல்லையென்றால், இடம் மாறும் பெட்டி புது எஜமானின் வெர்ஷனை முதலில் இறக்கிக்கொள்ளும். பிறகு தன்னைத்தானே அணைத்துப் போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். அதற்கு ஒன்பது நிமிஷம் ஆகும். நடுவில் பழைய கன்ட்ரோலர் உயிர் பெற்றால் எல்லாம் மறுபடி அதனிடமே ஓடும், மறுபடி இறக்கும். இன்னொரு ஒன்பது நிமிஷம். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி.

அந்த அரிச்சுவடியைக் கோட்டை விட்ட ஆளைத்தான் எனக்கு மேலே உட்கார வைத்தார்கள். என் தங்கை புருஷன். அவனை வேலைக்குச் சிபாரிசு செய்ததே நான்தான். தன் மேஜைக்குப் பின்னால் ஏழு சான்றிதழ்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான், அதனால் மனதுக்குள் அவனைச் சான்றிதழ் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு கேபிள் முனை போடச் சொன்னால் எட்டுக் கம்பியில் இரண்டை மாற்றிச் செருகுவான். ஆனால் மீட்டிங்கில் வெளுத்துக் கட்டுவான். டைரக்டர் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். இரண்டே வருஷத்தில் பிரிவுத் தலைவராகிவிட்டான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இருக்கிற தைரியத்துலதான் மச்சான் ஒத்துக்கிட்டேன்" என்றான். பக்கத்தில் நின்ற என் தங்கைக்குப் பூரிப்பு தாங்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை உங்களிடம் மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு முதல் கன்ட்ரோலருக்கு அவனே புது வெர்ஷன் ஏற்றினான். இரண்டாவதை மறுநாள் செய்வதாக இருந்தது. மறுநாள் காலையில் என் தங்கைக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. வால்வு ஆபரேஷன், பிறகு மூன்றாம் மாடி, ஒன்பதாம் அறை. இரண்டாவது கன்ட்ரோலர் பழைய வெர்ஷனிலேயே நின்றுவிட்டது. நான் அதை அன்றைக்கே பார்த்தேன். சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை, கேட்காதவனிடம் வலியப் போய் ஒப்பிப்பது என் வழக்கமில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாடியைப் பற்றியும் எழுத வேண்டும். நோயாளிகள் தூங்க வேண்டும் என்று அங்கே கதவுகள் எல்லாம் மூடியே இருக்கும். உள்ளே மானிட்டர் கத்துவது வெளியே கேட்காது. இதயம் தடுமாறினால் எச்சரிக்கை வைஃபை வழியாக நர்ஸின் பையில் இருக்கும் போனுக்குப் போகும். பத்து அறைக்கு ஒரு நர்ஸ். ஒன்பதாம் அறை வாசலில் இருக்கும் பெட்டியை மாட்டியவன் நான். ஏணியை நகர்த்தி, சரியான இடத்தில்தான் மாட்டினேன்.

கன்ட்ரோலர் மாறுவதை டைரக்டருக்குச் செய்து காட்டுவதாகச் சான்றிதழ் எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தான். பெண்டாட்டி படுத்திருக்கும்போது தள்ளிப்போட்டிருக்கலாம். டைரக்டரிடம் இல்லை என்று சொல்ல அவனுக்கு நாக்கு வராது. செய்து காட்ட வேண்டிய நாள் காலையில் தங்கையைப் பார்க்கப் போனேன். தலையணையில் சாய்ந்துகொண்டு எனக்கே ஆறுதல் சொல்கிற மாதிரிப் பேசினாள். "அவரு ரொம்ப டென்ஷனா இருக்காருண்ணா. நீ கூட நின்னு பாத்துக்கோ."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பதினொரு மணிக்கு அவனும் டைரக்டரும் நான்காம் மாடியில் திரை முன்னால் இருந்தார்கள். நான் கீழ்த்தளத்தில், போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தேன். அவன் சொன்னதும் முதல் கன்ட்ரோலரின் கேபிளைப் பிடுங்கினேன். திரையில் இருநூற்றுப் பதினான்கும் சிவப்பாகியிருக்கும். அரை நிமிஷம் போயிற்று, ஒரு நிமிஷம் போயிற்று. டைரக்டர் என்னப்பா இது என்றார். சாயம் வெளுக்கப் போகிறது என்று காத்திருந்தேன். அதற்குள் மூன்றாம் மாடி நர்ஸ் லேண்ட்லைனில் கூப்பிட்டாள். "சார், போன்ல சிக்னலே இல்ல. நான் ஒவ்வொரு ரூமா நடந்தே பாத்துட்டு வர்றேன்." கெட்டிக்காரி. அந்தக் கட்டிடத்தில் மூளையை உபயோகித்த ஒரே ஆள் அவள்தான்.

ஆனால் சான்றிதழ் பூசி மெழுகிவிட்டான். "பெட்டிங்க எல்லாம் ரீஸ்டார்ட் ஆகுது சார். எதிர்பார்த்ததுதான்." குரல் நடுங்கியது, டைரக்டருக்கு அது கேட்டிருக்காது. ஒன்பது நிமிஷத்தில் எல்லாம் பச்சையாகிவிட்டது. டைரக்டர் சபாஷ் என்றார். கையும் தட்டினார். ஒன்பது நிமிஷம் ஒரு ஆஸ்பத்திரி குருடாகிக் கிடந்ததற்குக் கைதட்டல். சான்றிதழ் போனை வாயருகே கொண்டுவந்து மெதுவாகச் சொன்னான்: "மச்சான், கேபிளைத் தொடாதீங்க. இப்படியே இருக்கட்டும். என்னமோ தப்பா இருக்கு, நானே வந்து பாக்குறேன்."

சரி என்றேன். கேபிளைச் செருகினேன்.

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். அம்மா, அந்தக் கட்டிடத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். பெட்டிகள் எல்லாம் பழைய எஜமானிடம் திரும்பி ஓடின. திரை மறுபடி சிவப்பு. இந்த முறை சான்றிதழின் பூச்சு எடுபடவில்லை. டைரக்டர் கத்துவதும் இவன் சார் சார் என்று குழறுவதும் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. எனக்கு நிறைவாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

நர்ஸ் முதல் தடவை நான்காம் அறை வரைக்கும் பார்த்து முடித்திருந்தாள். சிக்னல் வந்ததும் நிம்மதியாக ஊசி மருந்து எடுக்கப் போய்விட்டாள். இரண்டாம் தடவை சிக்னல் போனது அவளுக்குத் தெரியாது. அவளிடம் யாரும் சொல்லவில்லை. லேண்ட்லைன் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒன்பதாம் அறை மானிட்டர் நான்காவது நிமிஷத்தில் கத்தத் தொடங்கியதாகப் பதிவு சொல்கிறது. ஏழாவது நிமிஷத்தில்தான் சான்றிதழுக்கு உறைத்து, டைரக்டரை அப்படியே விட்டுவிட்டுப் படியில் ஓடினான். ஒரு மாடி இறங்கியதில் இரண்டு முறை விழுந்தானாம். கதவைத் திறந்தபோது அவள் கை கட்டிலை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது என்றான். மானிட்டர் விடாமல் கத்திக்கொண்டிருந்ததாம்.

அவள் போனதிலிருந்து அழுதுகொண்டே இருக்கிறான். வேலையை விட்டுவிட்டான், சான்றிதழ்களைக்கூட எடுத்துப் போகவில்லை. எல்லாம் தன் தப்பு என்று உங்களிடமும் எழுதிக் கொடுத்தானாமே. அவனுக்கு வேறென்ன தெரியும்? கேபிளைச் செருகியது நான். அதை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இது என்ன, அவன் போனிலிருந்து எடுத்ததா? கொடுங்கள். ஆமாம், முந்தைய நாள் எனக்கு அனுப்பியதுதான். நானே படிக்கிறேன். "மச்சான், ரெண்டாவது கன்ட்ரோலரும் ரெடிதானே? அவ இப்படிப் படுத்திருக்கா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நீங்க ஒரு தடவை பாத்துச் சொன்னா போதும்." கீழே என் பதில் இருக்கிறது. "எல்லாம் சரியா இருக்கு."

இதையா கேள்வி என்கிறீர்கள்? ரெடியா என்பது ஒரு கேள்வியா? வெர்ஷன் எண் என்ன என்று கேட்க வேண்டும். தொழில் தெரிந்தவன் அப்படித்தான் கேட்பான். முறையாக ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லாமல் இருந்திருப்பேனா? மேலே படுத்திருந்தவள் என் தங்கை.