இடுப்பு வச்ச சோப்பு

…இதைப் பாரும்மா, இதுக்குப் பேரு சோப்பா? நீயே சொல்லு! பச்சைக் கலரு, அன்னாசிப்பழ வாசனை, போதாததுக்கு நடுவுல இடுப்பு வேற! சோப்புக்கு எதுக்கும்மா இடுப்பு? தண்ணியில போட்டா முங்காம மிதக்குது! நாப்பது வருஷமா செங்கல் மாதிரி கனமா, ஒரு வாசனையும் இல்லாம, தான் உண்டு தன் வேலை உண்டுன்னு அழுக்கெடுத்துக்கிட்டு இருந்த சோப்பு. அதைப் போயி உங்க கம்பெனிக்காரங்க இந்தக் கதிக்கு ஆளாக்கிட்டாங்களே!

உக்காரு, உக்காரு. அட்டையை மடியில வச்சுக்க. ஃபாரத்தை அப்புறம் எழுதலாம், என்ன அவசரம்.

உள்ள பாத்திரம் உருட்டுற சத்தம் கேக்குதா? எங்க வீட்டம்மா. வாசனை சோப்பு பட்டா அவளுக்கு உடம்பெல்லாம் தடிச்சிப் போயிடும். அந்தப் பழைய சோப்பு ஒண்ணுதான் ஒத்துக்கும். கடைசிக் கட்டியைத் தகர டப்பாவுல வச்சிருக்கா. கட்டியாவது… தேஞ்சு தேஞ்சு இப்ப நகம் கனம்! நாளைக்கோ நாளன்னிக்கோ அதுவும் கரைஞ்சுடும். அப்புறம் அவ எதைப் போட்டுக் குளிப்பா, சொல்லு?

யாரைத் தேடி வந்தேன்னு சொன்ன? பதினாலாம் நம்பர்… கப்பல் கேப்டனா? ம்… இருப்பாரு, இருப்பாரு. அவரை எதுக்கு? ஓஹோ… புது சோப்பு விக்கவே இல்லையா! ‘இந்தத் தெருவுல முப்பது வீட்டுல கேட்டு எழுதிக்கிட்டுதானே மாத்தினோம், அப்புறம் ஏன் ஒருத்தரும் வாங்கலை’ன்னு விசாரிக்கச் சொன்னாங்களா? நியாயமான கேள்விதான். நியாயம்…

அது வந்தும்மா… பதினாலாம் நம்பர்ல தண்ணி மோட்டார்தான் இருக்கு.

முறைக்காத! போன வருஷம் உன்னை மாதிரியே ஒரு பொண்ணு வந்துச்சு. செருப்பு வாரு அறுந்து, கால்ல கொப்புளம். எந்த வீட்டுலயும் கதவைத் திறக்கலை. சாயங்காலத்துக்குள்ள முப்பது ஃபாரம் குடுக்கணுமாம். அழுதுடும் போல நின்னுச்சு. ‘இங்க குடும்மா, நான் பாத்துக்கறேன்’னு வாங்கிட்டேன். மொத ரெண்டு ஃபாரம் சத்தியமா நேர்மையா, பக்கத்து வீட்டுக்காரங்களைக் கேட்டு எழுதினேன். மூணாவதுல கை சும்மா இருக்க மாட்டேன்னுடுச்சு!

அந்த ஃபாரத்துல கேப்டன் வந்து உக்காந்துட்டாரு. ஏழு கடல்லயும் ஏழு சோப்பைத் தவற விட்டவரு. ‘மிதக்கிற சோப்பு வேணும்’னாரு. அவரு கேட்டா மறுக்க முடியுமா? அடுத்து பதினோரு புள்ளை பெத்த மகராசி, பழ வாசனை இருந்தாத்தான் புள்ளைங்க குளிக்குதுங்கன்னா. சர்க்கஸ்ல ஊஞ்சல் தாவுற புருஷன் பொண்டாட்டி, பிடிச்சா வழுக்கக் கூடாதுன்னு இடுப்பு கேட்டாங்க. பச்சைக் கலரு… அது யாரு… ஆங், கிளி வளக்கிற ரிட்டயர்டு ஜட்ஜு!

அடடா, இதையெல்லாம் எழுதாதம்மா!

நான் சோப்பைப் பத்தி அளந்தா கம்பெனிக்காரங்க கேட்டு நடப்பாங்கன்னு கனவா கண்டேன்? எங்க வீட்டுல நான் சொன்னா ஒரு ஜன்னலைக் கூட யாரும் சாத்த மாட்டாங்க!

சரி, கெடுத்தவனே சரி பண்றேன். புதுசா முப்பது ஃபாரம் எடு. ‘பழையபடியே குடுங்க’ன்னு எழுதிடறேன். கேப்டன் சொல்றாரு… ம்ஹூம். அவரு சம்மதிக்க மாட்டாரும்மா. சொன்னா சொன்னதுதான், மனுஷன் ஏழு கடல் பாத்தவரு. ஜட்ஜு? தீர்ப்பை மாத்துறதே கிடையாது…

இரு. அந்தப் பழைய லிஸ்டைக் காட்டு. பன்னெண்டாம் நம்பர் இருக்கா? எங்க வீடுதான். நல்லாப் பாரு… இல்லையா? அட கஷ்டமே! ஊருல இல்லாத இருபத்தெட்டு பேரைக் கேட்டவன், உள்ள இருக்கிற ஒருத்தியைக் கேக்காம விட்டுட்டேனே!

எடு ஒரு ஃபாரம். என்கிட்ட நீட்டாத, என் கை சரியில்லை! நீயே உள்ள போயி அவளையே கேட்டு, அவ சொல்றதை அப்படியே எழுது. இந்தப் புது சோப்பைத் தொட்டுப் பாத்ததுல கையில வந்த தடிப்பையும் பாத்து எழுது. மேல இருக்கிறவங்ககிட்ட நேர்ல காட்டு. ஒரே ஒரு ஃபாரம்னாலும் அது நிஜம்னு சொல்லு.

ஆனா கண்ணு, கேப்டன் விஷயம் மட்டும் அவ காதுக்குப் போக வேணாம்…

ஏன் சிரிக்கிற? என்ன… பாத்திரச் சத்தமா?

ஐயையோ! அது எப்ப நின்னுச்சு?